கிராம்பும் மருதாணியும் ஈஸ்ட்டைக் கொல்லும்: எந்த அளவில், எந்த இடத்தில்?

பிசான நடவில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவர்களுக்குக் கால் விரலிடுக்கு ஊறி வெளுத்து, தோல் உரிந்து எரிச்சலெடுக்கும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வயற்காடுகளில் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்து வைப்பது இன்றும் வழக்கம். அந்தப் புண்ணில் கேண்டிடா என்னும் ஈஸ்ட், தோல் பூஞ்சைகள், பாக்டீரியா எனப் பலவும் கலந்திருக்கும். மருதாணியில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் ஆய்வகத்தில் ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆகவே வழக்கத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் அதே கேண்டிடா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் இரத்தத்துக்குள் போய்விட்டால், மருதாணியோ மஞ்சளோ கிராம்போ அவரைக் காப்பாற்றாது. கிருமி ஒன்றுதான், மருந்து அதைச் சந்திக்கும் இடமும் அளவும் மாறிவிடுகின்றன. “மூலிகை பூஞ்சையைக் கொல்கிறது” என்று வரும் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த அளவுதான். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் அளவைப் பற்றியே பேசுகிறது.

அடங்காத ஈஸ்ட்

கேண்டிடா வெளியிலிருந்து வந்து தாக்கும் அந்நியக் கிருமி அல்ல. வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் நம்மோடு கூடவே வாழ்வது. சர்க்கரை ஏறினால், ஆன்டிபயாடிக் சாப்பிட்டு நல்ல பாக்டீரியா அழிந்தால், ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்தால் அது பெருகும். குழந்தையின் நாக்கில் வெள்ளைப் படிவு, அரிப்போடு வெள்ளைப்படுதல், பல்செட்டுக்கு அடியில் சிவந்த ஈறு எல்லாம் பெரும்பாலும் இதன் வேலை. மார்பிலும் முதுகிலும் வரும் தேமலுக்குக் காரணம் மலசீசியா என்ற வேறொரு ஈஸ்ட். படர்தாமரை ஈஸ்ட்டால் வருவதே இல்லை, அது இழைப்பூஞ்சை. இந்த மூன்றையும் ஒரே களிம்பால் சரிக்கட்டப் பார்ப்பதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் ஆபத்தான பூஞ்சைகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. அதில் மிக அவசர வரிசையில் உள்ள நான்கில் இரண்டு கேண்டிடா: ஆல்பிகன்ஸ், ஆரிஸ். அடுத்த வரிசையில் கிளப்ரேட்டா, டிராபிகாலிஸ், பாராசைலோசிஸ். நம் நாட்டு நிலவரம் மேல்நாட்டிலிருந்து வேறுபட்டது. இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1400 இரத்தத் தொற்றுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில் முதலிடம் ஆல்பிகன்ஸுக்கு இல்லை, 41.6 சதவீதம் டிராபிகாலிஸ்.

கேண்டிடா ஆரிஸ் 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுக்கப்பட்டு விவரிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே டெல்லி மருத்துவமனைகளிலிருந்து இரத்தத் தொற்றுகள் பதிவாகின. மற்ற ஈஸ்ட்டுகள் தயங்கும் 40 பாகை வெப்பத்திலும் இது வளரும், உப்பைத் தாங்கும், கட்டில் கம்பியிலும் இரத்த அழுத்தப் பட்டையிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பழைய தானியங்கிக் கருவிகள் இதைக் கேண்டிடா ஹெமுலோனி என்ற வேறோர் இனமாகத் தவறாகப் பெயரிட்டுவிடும். கிருமியின் புரதங்களை எடைபோட்டு இனம் காணும் மால்டி-டாஃப் கருவியோ மரபணு வரிசையோதான் உறுதியாகச் சொல்லும்.

இவற்றுக்கு எதிராக நம்மிடம் இருக்கும் முக்கிய மருந்துக் குடும்பங்கள் நான்கே. ஃப்ளூகோனசோல் போன்ற அசோல்கள் ஈஸ்ட்டின் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. ஆம்போடெரிசின் பி அந்த எர்கோஸ்டெராலையே பற்றிச் சவ்வைக் குலைக்கிறது. காஸ்போஃபங்கின் போன்ற எக்கினோகேண்டின்கள் செல்சுவரின் குளூக்கானைக் கட்டவிடாமல் செய்கின்றன. ஃப்ளூசைட்டோசின் மரபுப்பொருள் தயாரிப்பில் குறுக்கிடுகிறது. அதைத் தனியே கொடுத்தால் எதிர்ப்பு விரைவில் வந்துவிடும்.

எதிர்ப்பு உருவாகும் வழிகள் சில. மருந்து போய் ஒட்டவேண்டிய நொதியின் வடிவத்தை ஈஸ்ட் மாற்றிக்கொள்ளும்; அல்லது அந்த நொதியை அளவுக்கதிகமாகத் தயாரிக்கும். சவ்வில் உள்ள புரத இறைப்பான்களைக் கூட்டிக்கொண்டு, வயலில் தேங்கிய தண்ணீரைப் பம்புசெட் வைத்து வெளியேற்றுவதுபோல உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும். இவை போதாதென்று வடிகுழாய், பல்செட், இதய வால்வு ஆகியவற்றின் மேல் ஒட்டும் படலமாகவும் வளரும். படலத்துக்குள் இருக்கும் அதே ஈஸ்ட்டைத் தடுக்கத் தனியாக மிதக்கும் ஈஸ்ட்டுக்கு வேண்டியதைப்போல நூறு மடங்குக்கு மேலும் அசோல் தேவைப்படலாம். வடிகுழாயைக் கழற்றாமல் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

செடியின் கணக்கு வேறு

ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஆம்போடெரிசினும் நிஸ்டாட்டினும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா தந்தவை. எக்கினோகேண்டின்கள் பூஞ்சைகள் தந்தவை. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ரெக்ஸாஃபங்கெர்ப்பின் மூலமும் ஒரு பூஞ்சைப் பொருள்தான். இரத்தத்துக்குள் ஏற்றும் பூஞ்சை மருந்துகளில் செடியிலிருந்து வந்தது இதுவரை ஒன்றும் இல்லை. செடிகளைத் தேடாததால் வந்த குறை அல்ல இது. பல்லாயிரம் சாறுகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

காரணத்தைக் கிராம்பிலேயே பார்க்கலாம். நல்ல கிராம்பு மொட்டின் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். அந்த எண்ணெயில் 70 சதவீதத்துக்கு மேல் யூஜெனால். குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு கிராம் கிராம்பில் 100 மில்லிகிராமுக்கு மேல், அதாவது ஒரு லட்சம் மைக்ரோகிராம் யூஜெனால் இருக்கிறது. தன் மொட்டுக்குள் இவ்வளவு திரட்டி வைத்திருக்கும் மரத்துக்குத் துளியில் கொல்லும் நஞ்சு தேவையே இல்லை. சுமாரான நஞ்சைக் குவித்து வைத்தால் போதும். பாக்டீரியாவோ மண்ணில் தன் பொருளைக் கசியவிட்டு எதிரியை வீழ்த்த வேண்டும். அதனால் அதன் நஞ்சு மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும்படி அமைந்திருக்கிறது.

எண்களை அருகருகே வைப்போம். ஈஸ்ட் வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை ஆய்வகத்தில் எம்.ஐ.சி. என்பார்கள், இங்கே தடுப்பளவு என்போம். ஆல்பிகன்ஸுக்கு ஃப்ளூகோனசோலின் தடுப்பளவு ஒரு மில்லிலிட்டரில் 2 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருந்து கேட்கும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் கேட்காது. 400 மில்லிகிராம் ஒருமுறை விழுங்கினால் இரத்தத்தில் உச்ச அளவு 6.7 மைக்ரோகிராம் அளவுக்குப் போகும். தேவையும் கிடைப்பதும் நெருங்கி நிற்பதால்தான் அது மருந்து. யூஜெனால், ஓமத்தின் தைமால், எலுமிச்சைப்புல்லின் சிட்ரால், லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவற்றின் தடுப்பளவு ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 50க்கும் 1000 மைக்ரோகிராமுக்கும் இடையில் கிடக்கிறது.

மஞ்சளின் குர்குமினைப் பார்த்தால் இடைவெளி இன்னும் தெளிவாகும். 2001இல் வெளியான தைவான் ஆய்வொன்றில் நாளுக்கு 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் இரத்தத்தில் உச்ச அளவு சராசரி 1.77 மைக்ரோமோலார், மைக்ரோகிராமில் 0.65 அளவு. ஈஸ்ட்டைத் தடுக்கப் பல ஆய்வுகளில் தேவைப்பட்டது 32க்கும் மேல். ஐம்பது மடங்கு பற்றாக்குறை. மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் குர்குமின் உடலில் சேர்வது 2000 சதவீதம் கூடுகிறது என்ற 1998ஆம் ஆண்டுப் பெங்களூரு ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கூடியது உண்மை. ஆனால் அந்த ஆய்வில் தனியாகக் கொடுத்த 2 கிராம் குர்குமின் இரத்தத்தில் கண்டுபிடிக்கவே சிரமமான அளவில் இருந்தது. பைப்பரினோடு கூட உச்சம் 1 மைக்ரோகிராமை எட்டவில்லை. யூஜெனாலும் தைமாலும் விழுங்கியதும் கல்லீரல் அவற்றைச் சல்ஃபேட்டோடும் குளூக்குரோனிக் அமிலத்தோடும் கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும்.

ஆகவே செடிப் பொருளுக்கு உரிய இடம் அதிகச் செறிவை நேரடியாக வைக்கக்கூடிய இடம்: தோல், வாய், பல்செட், வடிகுழாயின் மேற்பூச்சு. இன்னொரு வழி, பழைய மருந்துக்குத் துணையாக நிற்பது.

தட்டில் தவறு நுழையும் இடங்கள்

நெல்லைச் சீமையில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, பல கலைக்கல்லூரிகள் என ஆய்வு செய்ய இடங்களும் ஆர்வமுள்ள மாணவர்களும் நிறைய. தாவரச் சாறு, பூஞ்சை என்ற தலைப்பு மாணவர்களுக்குப் பிடித்தமானது. அதனால் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு வீணாகக் கூடாது.

முதலில் செடி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சருகை அப்படியே சோதித்தால் எந்தச் செடி என்றே சொல்ல முடியாது. பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இருப்பதுபோன்ற உலர்தாவரத் தொகுப்பில் எண் பெற்று வைக்க வேண்டும். கிராம்பு வாங்கும்போது தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். நல்ல மொட்டு மூழ்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் எடுக்கப்பட்ட சக்கை படுத்து மிதக்கும்.

இலையை நிழலில், 40 பாகைக்கு மேல் போகாமல் உலர்த்தி, நொறுங்கும் பதத்தில் பொடித்து, 10 கிராமுக்கு 100 மில்லி கரைப்பான் என்ற கணக்கில் ஊறவைப்பது வழக்கம். மணமுள்ள பொருளுக்கு நீராவி வடிப்பு ஏற்றது: 100 கிராம் கிராம்புப் பொடி, ஒரு லிட்டர் தண்ணீர், கிளவெஞ்சர் கருவியில் மூன்று நான்கு மணி நேரம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஓம எண்ணெயும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் தண்ணீர்மேல் மிதக்கும். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில் இறங்கும். இலேசான எண்ணெய்க்கான கருவியைப் போட்டால் கிராம்பு எண்ணெய் திரும்பக் குடுவைக்கே போய்விடும். பிறகு விளைச்சல் குறைவு என்று கிராம்பைக் குறை சொல்வார்கள். பூண்டில் வேறு சிக்கல். நசுக்கிய பிறகுதான் அல்லினேஸ் நொதி வேலை செய்து அல்லிசின் உண்டாகும். முழுப்பல்லைக் கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும். உண்டான அல்லிசினும் அறை வெப்பத்தில் நிலைக்காது.

அடுத்தது, வட்டத்தட்டு முறை. காகித வட்டில் சாற்றைச் சொட்டி, சுற்றி வளராத வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து, பெரிய வளையம் நல்ல மருந்து என்று முடிவு கட்டுவது. எண்ணெய்ப் பொருள் அகார் நீர்க்கூழில் ஊடுருவாது, பாதி ஆவியாகிவிடும். எளிதில் பரவும் பலவீனமான பொருள் பெரிய வளையம் காட்டும், பரவாத வலுவான பொருள் சிறிய வளையம் காட்டும். இரண்டு வெவ்வேறு செடிகளை இந்த வளையத்தால் ஒப்பிடவே கூடாது. முதல் சலிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நம்பத்தக்கது 96 குழித் தட்டில் நீர்ம ஊடகத்தில் செய்யும் சோதனை. ஊடகம் ஆர்.பி.எம்.ஐ. 1640, மாப்ஸ் தாங்கல் கரைசலால் பிஹெச் 7.0இல் நிறுத்தப்பட்டது. சபோராடு ஊடகம் அமிலத்தன்மை உள்ளது, பிஹெச் 5.6, அதில் வரும் எண்ணை இதோடு ஒப்பிட முடியாது. ஒரே நாள் வளர்ந்த ஈஸ்ட்டை உப்புக் கரைசலில் கலக்கி மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5க்குக் கொண்டுவந்தால் மில்லிலிட்டரில் 10 லட்சம் முதல் 50 லட்சம் செல்கள் இருக்கும். அதை 50 மடங்கு, பிறகு 20 மடங்கு நீர்க்க வேண்டும். குழியில் 100 மைக்ரோலிட்டர் மருந்தோடு 100 மைக்ரோலிட்டர் ஈஸ்ட் சேரும்போது மில்லிலிட்டருக்கு 500 முதல் 2500 செல்கள். மருந்தும் பாதியாக நீர்க்கும் என்பதால் தொடக்கத்திலேயே இரட்டை வலுவில் தயாரிக்க வேண்டும். இதை மறந்தால் தடுப்பளவு இருமடங்காகப் பதிவாகும். ஈஸ்ட்டைக் கூடுதலாகப் போட்டாலும் அளவு ஏறும்.

35 பாகையில் 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அசோலுக்கு வளர்ச்சி பாதியாகக் குறைந்த குழியே தடுப்பளவு. ஆம்போடெரிசினுக்கு முழுதும் தெளிந்த குழி. அசோலை 48 மணி நேரம் வரை விட்டுப் பார்த்தால் சில ஆல்பிகன்ஸ் இலேசாகத் தொடர்ந்து வளர்ந்து, எதிர்ப்புப் பெற்றதுபோல ஏமாற்றும். ஏ.டி.சி.சி. என்ற அமெரிக்க நுண்ணுயிர்த் தொகுப்பின் 22019 எண் பாராசைலோசிஸ், 6258 எண் குருசெய் ஆகிய தர கேண்டிடா வகைகளை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டி, அவற்றுக்கு ஃப்ளூகோனசோல் அளவு குறிப்பிட்ட எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்காவிட்டால் அந்த நாளின் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

செடிப் பொருளுக்கே உரிய தொல்லைகள் இதற்கு மேல். எண்ணெயைக் கரைக்க டைமெத்தில் சல்ஃபாக்சைடு சேர்த்தால் குழியில் அது 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மருந்தில்லாமல் கரைப்பான் மட்டும் உள்ள குழியும் வேண்டும். ட்வீன் 80 சேர்த்தால் எண்ணெய் கலக்கும், ஆனால் யூஜெனால் போன்ற ஃபீனால்களை அது பிடித்து வைத்துக்கொண்டு வலுவைக் குறைத்துவிடும். தைமாலின் ஆவி பக்கத்துக் குழிக்குத் தாவி, மருந்தில்லாத குழியிலும் வளர்ச்சியைத் தடுக்கும். ஒட்டுப்படலத்தால் மூடி, இரண்டு பொருள்களுக்கு நடுவே ஒரு வரிசையைக் காலியாக விட வேண்டும்.

குர்குமின், மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் இரண்டும் மஞ்சள் நிறம், லாசோன் செம்மஞ்சள். ஒளி அளக்கும் கருவி நிறத்தையும் வளர்ச்சி என்று எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு செறிவுக்கும் ஈஸ்ட் இல்லாத குழி ஒன்று வைத்துக் கழித்தாக வேண்டும். உயிருள்ள செல்லைக் காட்ட எக்ஸ்.டி.டி. சாயம் போடும் சோதனையில் செடியின் பாலிஃபீனால்களே சாயத்தை நிறமாற்றி, செத்த குழியை உயிருள்ளதாகக் காட்டும். கடுக்காய், மாதுளைத்தோல் போன்றவற்றின் டானின் ஊடகத்திலுள்ள புரதத்தையும் ஈஸ்ட்டின் நொதிகளையும் வேறுபாடில்லாமல் கட்டிப்போடும். அது குறிபார்த்துத் தாக்கும் மருந்தாகாது. கலங்கிய குழி வளர்ச்சியா, வீழ்படிவா என்ற ஐயம் வந்தால் ஒரே வழி: 10 மைக்ரோலிட்டர் எடுத்து வெறும் அகாரில் சொட்டி மறுநாள் பார்ப்பது. அதில் ஈஸ்ட் முளைத்தால் அந்தச் செறிவு கொல்லவில்லை.

இன்னொரு சோதனை இல்லாமல் எந்த முடிவும் அரைகுறைதான்: அதே செறிவு மனித செல்லை என்ன செய்கிறது? பூந்திக்கொட்டையின் சப்போனின் ஈஸ்ட்டின் சவ்வை உடைக்கும்; சிவப்பணுவையும் அதேபோல் உடைக்கும். மனித செல்லில் பாதியைக் கொல்லும் அளவைத் தடுப்பளவால் வகுத்து வரும் எண் 10க்கு மேலாவது இருந்தால்தான் மேற்கொண்டு போகலாம். ஆரிஸை வைத்துச் செய்யும் சோதனை உயிர்ப்பாதுகாப்பு இரண்டாம் நிலை ஆய்வகத்தில் மட்டுமே நடக்க வேண்டும். கல்லூரிச் செய்முறை மேசையில் கூடாது.

துணை மருந்தாக

உண்மையான நம்பிக்கை இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அசோல் எர்கோஸ்டெராலைக் குறைத்துச் சவ்வைத் தளர்த்துகிறது. தளர்ந்த சவ்வில் யூஜெனாலோ, தைமாலைப் போன்ற கார்வக்ராலோ எளிதாகப் புகும். குர்குமின், ஈஸ்ட்டின் சிடிஆர்1 இறைப்பானை அடைப்பது ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. அடைந்தால் ஃப்ளூகோனசோல் உள்ளேயே தங்கும். மரமஞ்சளின் பெர்பெரின் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யாத ஆல்பிகன்ஸ் வகைகளில்கூட, ஃப்ளூகோனசோலோடு சேர்ந்தால் வளர்ச்சி நின்றதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஈஸ்ட் உருண்டையிலிருந்து இழையாக மாறி திசுவுக்குள் துளைப்பதைத் தடுக்கும் பொருள்களும் உண்டு. ஃபார்னெசால் அப்படி ஒன்று. கேண்டிடா தன் கூட்டம் பெருகியதை அறிய தானே சுரக்கும் பொருள் அது; பல மலர் எண்ணெய்களிலும் இருக்கிறது.

சேர்மானம் பலன் தருகிறதா என்பதைக் கட்டம் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு மருந்தை நெடுகிலும் மற்றதைக் குறுக்கிலும் இருமடங்காக நீர்த்து, எல்லாச் சேர்க்கையும் ஒரே தட்டில் வரச் செய்வார்கள். கணக்கைக் காட்ட ஒரு மாதிரி: ஃப்ளூகோனசோலின் தடுப்பளவு தனியே 64, சேர்மானத்தில் 4, விகிதம் 0.0625. யூஜெனால் தனியே 500, சேர்மானத்தில் 125, விகிதம் 0.25. கூட்டினால் 0.3125. கூட்டுத்தொகை 0.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஒன்றையொன்று வலுப்படுத்துகிறது. 4க்கு மேல் போனால் ஒன்றையொன்று கெடுக்கிறது. நடுவில் வருவதை வலுப்படுத்தல் என்று எழுதக்கூடாது. இருமட நீர்ப்பில் ஒரு குழி முன்பின் ஆவது சாதாரணம் என்பதால்தான் எல்லையை இவ்வளவு கடுமையாக வைத்திருக்கிறார்கள்.

கெடுக்கும் சேர்மானமும் உண்டு. ஆம்போடெரிசின் வேலை செய்ய எர்கோஸ்டெரால் இருந்தாக வேண்டும். எர்கோஸ்டெராலைக் குறைக்கும் செடிப் பொருளை முன்பே கொடுத்துவிட்டால் ஆம்போடெரிசினுக்கு இலக்கே இல்லாமல் போகலாம். “மூலிகைதானே, கூடவே இருக்கட்டும்” என்ற பேச்சு இங்கே ஆபத்தானது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் குறைவு. ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படாத வாய்த் தொற்றுள்ள 13 எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தேயிலைமர எண்ணெய்க் கரைசலைக் கொப்பளிக்கக் கொடுத்த ஆய்வு 1998இல் வெளியானது. மதிப்பிட முடிந்த 12 பேரில் 8 பேருக்குக் குணமோ முன்னேற்றமோ தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு; ஆனாலும் செறிவை நேரே வைக்கக்கூடிய வாய் என்பதால் பலன் எதிர்பார்க்கக்கூடியதே. அதற்கு மாறாக, 63 பெண்களுக்குப் பூண்டு மாத்திரையை விழுங்கக் கொடுத்துப் பிறப்புறுப்பிலுள்ள கேண்டிடா எண்ணிக்கையைப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2014இல் வந்தது. போலி மாத்திரை குழுவோடு ஒப்பிட, பலன் கிடைத்ததற்குச் சான்று இல்லை.

நம் பக்கத்துச் செடிகள்

மருதாணியின் உலர்ந்த இலையில் லாசோன் 0.5 முதல் 1.5 சதவீதம், மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். அரைத்துச் சற்று நேரம் விட்டால்தான் அது முழுதாக வெளிவரும். பெரியவர்களின் கால் விரலிடுக்கில் வைக்கலாம். ஆனால் ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மருதாணி பூசினால் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்து வரலாம். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

பொதிகை மலைக்காடுகளின் மரமஞ்சள் கொடி பெர்பெரினுக்குப் பேர்போனது. மருந்துக்காக வெட்டி வெட்டி இந்தக் கொடி மேற்குத் தொடர்ச்சி மலையில் அருகிவிட்டது. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வெட்டுவது குற்றம். ஆய்வுக்குத் தூய பெர்பெரின் வாங்கக் கிடைக்கும்போது காட்டுக் கொடியைத் தேடிப் போவதற்கு நியாயமே இல்லை. பிறந்த குழந்தைக்குப் பெர்பெரின் மஞ்சள் காமாலையைத் தீவிரமாக்கி மூளையைப் பாதிக்கக்கூடும் என்பதும் தெரிந்த செய்தி.

வேப்பெண்ணெயைத் தோலில் தடவுவது வேறு. குழந்தைக்குப் புகட்டியதால் வலிப்பும் மூளை வீக்கமும் வந்து இறந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கிராம்பு எண்ணெயும் அப்படியே. 5 முதல் 10 மில்லி குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தையின் கல்லீரல் செயலிழந்தது பதிவாகியுள்ளது. நீர்க்காத கிராம்பு எண்ணெயை வாயிலோ பிறப்புறுப்பிலோ வைத்தால் மென்தோல் வெந்துவிடும்.

வண்டுகொல்லி எனும் சீமை அகத்தி இலை படர்தாமரைக்கு நல்ல பெயர் பெற்றது. கேண்டிடாவிடம் பெரும்பாலும் அவ்வளவு வலு காட்டாது. தேங்காயெண்ணெயின் லாரிக், காப்ரிக் அமிலங்கள் கேண்டிடாவைத் தடுக்கக்கூடியவை. ஆனால் தேமலுக்குத் தேங்காயெண்ணெய் தடவக்கூடாது. மலசீசியாவால் கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்க முடியாது, வெளியிலிருந்து எடுத்துத்தான் வாழும். எண்ணெய் தடவுவது அதற்குத் தீனி போடுவதாகும்.

செடியை மருந்தாக்குவது எப்படி என்பதற்கு நெல்லைச் சீமையிலேயே முன்மாதிரி இருக்கிறது. கரிசல் மண்ணில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போன நிலாவாரை, உலக மருந்து நூல்களில் திருநெல்வேலி என்ற பெயரோடேயே இடம்பிடித்தது. மலச்சிக்கலுக்கான செடி அது, பூஞ்சைக்கு அல்ல. ஆனால் ஐரோப்பிய மருந்து நூல் அதை ஏற்றபோது வைத்த நிபந்தனை கவனிக்கத்தக்கது: சென்னோசைடு பி கணக்கில் செயல்பொருள் இலையில் 2.5 சதவீதத்துக்கும், திருநெல்வேலிக் காயில் 2.2 சதவீதத்துக்கும் குறையக்கூடாது என்றது. சரக்கு வந்ததும் அளந்து பார்ப்பார்கள்; குறைந்தால் மருந்தாக ஏற்கமாட்டார்கள். மருதாணிக் களிம்பிலோ ஓமத் தைலத்திலோ இப்படி ஓர் எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். லாசோன் எத்தனை சதவீதம், தைமால் எத்தனை மில்லிகிராம் என்று இல்லாத களிம்பு ஒரு முறை வேலை செய்து அடுத்த முறை ஏமாற்றினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

தொற்று உள்ளவர்களுக்கு

திரும்பத் திரும்ப வரும் வெள்ளைப்படுதலோ விரலிடுக்குப் புண்ணோ இருந்தால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று வருவது தெரிந்த பக்க விளைவு. அதை மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு, தானாக நிறுத்தக்கூடாது. ஃப்ளூகோனசோல், சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிச் சர்க்கரையைத் திடீரென இறக்கலாம். வார்ஃபாரின் சாப்பிடுபவர்களுக்கு இரத்தக்கசிவு வரலாம். எனவே கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை அல்ல அது.

பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்து மருந்துக் கடையில் கிடைக்கும் முக்கூட்டுக் களிம்புகளில் குளோபெட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு இருக்கும். தடவிய இரண்டு நாளில் அரிப்பு நிற்பது ஸ்டீராய்டால். அதன் மறைவில் பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். சேற்றுப்புண்ணுக்கு எந்த மருந்தைவிடவும் முன்னால் வேண்டியது விரலிடுக்கைக் கழுவித் துடைத்து உலரவிடுவது. கால் வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, சர்க்கரை நோயாளியாக இருந்தாலோ பச்சிலை வைத்துக் காத்திருக்கக்கூடாது. பல்செட் அணிபவர்கள் இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும்; படலம் இருக்கும்வரை கொப்பளிப்பு எதுவும் நிலைக்காது. மருத்துவமனையில் ஆரிஸ் இருப்பது தெரிந்தால் தரையையும் கட்டிலையும் குளோரின் சேர்ந்த கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். வேப்பெண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் கலந்த நீர்மங்களை அந்த இடத்தில் நம்பக்கூடாது. சாதாரணமாகப் பயன்படும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினிகளே இந்த ஈஸ்ட்டிடம் தடுமாறுகின்றன.

இரண்டு முறை மருந்து எடுத்தும் தொற்று திரும்பினால் மாதிரி எடுத்து வளர்த்து, எந்த இனம், எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதிரி கொடுக்கும் முன் சில நாட்களாவது அந்த இடத்தில் களிம்போ எண்ணெயோ மஞ்சளோ வைக்காமல் இருப்பது நல்லது. வைத்திருந்தால், என்ன, எப்போது வைத்தது என்று சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். சுரண்டி எடுத்த மாதிரியோடு யூஜெனாலோ தைமாலோ ஒட்டிப் போனால் தட்டில் எதுவும் முளைக்காது. அறிக்கையில் பூஞ்சை இல்லை என்று வரும், புண்ணில் அது இருந்துகொண்டே இருக்கும்.